ஆடு தின்ற அகராதி

எதிர்வீட்டில் சீமைநாய் ஒன்று வந்து இறங்கியதும் வெள்ளாடு பயந்துபோனது. பழைய பேப்பர் கடைக்கு ஓடி, அந்த நாயின் பாஷைக்கான அகராதியைத் தேடிப் பிடித்தது. மனப்பாடம் செய்ய ஆட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அட்டையோடு தின்றுவிட்டது.

மறுநாள் சந்தில் நாய் எதிரே வந்து நின்றது. "கடிக்காதீங்க" என்பதற்கான சொல் ஆட்டின் வயிற்றில் எங்கோ அடியில் கிடந்தது. "கொஞ்சம் இருங்க, இதோ வந்துடும்" என்று தன் பாஷையிலேயே சொல்லிவிட்டு, ஆடு அவசரமாக அசைபோட ஆரம்பித்தது.

முதலில் "குடை" வந்தது. பிறகு "கத்தரிக்காய்" வந்தது. இன்னும் மென்றதில் "சித்தப்பா" வந்தது. எல்லாம் சுத்தமான சீமைநாய்ப் பாஷையில்.

நாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்ததிலிருந்து அதன் பாஷையில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. "அந்தச் சித்தப்பாவை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று முனகிக்கொண்டே தலையைத் தாழ்த்தியது.

ஆட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கடிக்கத்தான் குனிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வேகமாக மென்றது.

ஆறு மாதமாகிறது. நாய் தினமும் வந்து ஆட்டின் காலடியில் படுத்துக் கேட்கிறது. ஆடு, கண்ணை இறுக மூடி மென்றபடி, "கடிக்காதீங்க" என்ற அந்த ஒரே ஒரு சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.