புதன்கிழமைப் படம்

"இந்தப் படத்தை எடுத்தவனை விடும்மா. கூப்பிட்டு உட்கார வச்சுக் காட்டினவங்களைச் சொல்லணும்," என்றார் கிளைவ்.

டீ மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கிளெனிஸ் அசரவில்லை.

"ஏன், படத்துக்கு என்ன குறைச்சல்?"

"ரயில் கிளம்பப் போகுது. அவ ஏறிட்டா. இவன் ஓடிப்போய் அவளை இறக்கணுமா வேண்டாமா? பிளாட்பாரத்துல நின்னு நாலு நிமிஷம் பாடறான். ரயிலும் கேட்டுக்கிட்டு நிக்குது."

"காதல்னா அப்படித்தான்."

"முப்பத்தோரு வருஷம் சுரங்கத்துல இருந்தவன் நான். ரெண்டு நிமிஷம் லேட்டாப் போனா ஆளை இறக்கற கூண்டு கீழே போயிருக்கும். எவனும் எனக்காக நிறுத்தி வச்சதில்லை."

"அதனாலதான் உங்களுக்குப் பாட்டும் புரியலை, காதலும் புரியலை."

கிளைவுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னொரு கப் டீ ஊற்றிக்கொண்டு, கதாநாயகியின் அம்மா ஆஸ்பத்திரியில் பியானோ வாசிக்கும் காட்சியைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ராட்னி கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஐந்து. படம் மூன்றரைக்கே விட்டாயிற்று. வந்ததே ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். கிளைவ் மட்டும் இன்னும் கிளம்பவில்லை.

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் ராட்னியும் கிளெனிஸும் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் சின்னத் தியேட்டர் அது. சனி, ஞாயிறு படங்கள் ராட்னி பொறுப்பு. புதன் மதியம் வயதானவர்களுக்கான காட்சி, அது கிளெனிஸ் பொறுப்பு. அவள் போடுவதெல்லாம் காதலும் பாட்டும்தான். அதிலும் தேடிப் பிடித்த மாதிரி மட்டமான படங்கள்.

கிளைவ் போனதும் ராட்னி கேட்டான். "கிளென், நிஜமாச் சொல்லு. அந்த ரயில் படம் நல்லாருக்குன்னா நினைக்கிறே?"

"பரவாயில்லை."

"பரவாயில்லையா? பார்க்கறவங்க தூங்கறாங்க. அந்த மனுஷன் வாராவாரம் நம்மளைத் திட்டிட்டுப் போறார். பிடிக்கலைன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே? நீயும் சரிக்குச் சரி நின்னு வம்பளக்கறே."

கிளெனிஸ் கப்புகளைக் கழுவினாள். 

அடுத்த வாரம் அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். கிளெனிஸ் பத்து நாள் அடிலெய்டுக்குக் கிளம்பினாள்.

"புதன்கிழமைக்கு நான் எடுத்து வச்ச படத்தையே போடு, ராட்."

"சரி சரி," என்று தலையாட்டிவிட்டு அவன் வேறு படம் போட்டான்.

அதுவும் காதல் படம்தான். அதிலும் பாட்டுகள் உண்டு. ஆனால் நல்ல படம். அவள் கிளம்பிய அன்றே ஊரெல்லாம் சொல்லி வைத்தான். நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்தவர்கள் ராட்னியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கிளைவ் கடைசியாக வந்தார். டீ மேஜை அருகே நின்றார்.

இன்றைக்கு என்ன குறை சொல்லுவார் பார்க்கலாம் என்று ராட்னியே போய்க் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

"நல்ல படம்."

"குறை ஒண்ணும் இல்லையா?"

கிளைவ் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்க்கிற மாதிரி யோசித்தார். "இல்லைப்பா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

டீ கப்பை எடுத்தவர் ஊற்றாமலே திரும்ப வைத்தார். சுற்றிலும் இரண்டு மூன்று பேராக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அன்று சாயங்காலமே ராட்னி அடிலெய்டுக்குப் போன் போட்டான். படத்தை மாற்றியதற்குத் திட்டு விழும் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நாற்பத்திரண்டு பேர், கிளென். கிளைவ் கூட நல்ல படம்னு சொல்லிட்டார். ஒரு புலம்பல் இல்லை."

கிளெனிஸ் திட்டவில்லை.

"எத்தனை மணிக்குப் போனார்?" என்று கேட்டாள்.

"மூணே முக்காலுக்கெல்லாம் கிளம்பிட்டார். ஏன்?"

"அவர் சம்சாரம் பெரில் இருந்தப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வருவாங்களே, ஞாபகம் இருக்கா? அவளுக்கு இந்த மாதிரிப் படம்னா உயிர். இவர் கிண்டல் பண்ணுவார், அவ விட்டுக்கொடுக்க மாட்டா. வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே நடப்பாங்க."

"அவ போய் மூணு வருஷம் ஆச்சே."

"ஆமா. போன வருஷம் நானும் தெரியாம ஒரு நல்ல படத்தைப் போட்டுட்டேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டு உடனே போயிட்டார். அடுத்த புதன்கிழமை வந்து நின்னு தொண்டையைச் செருமினார். 'குரல் வரலைம்மா, போன புதன்கிழமை இங்கே பேசினதுதான், அப்புறம் யார்கூடவும் பேசலை'ன்னார்."

ராட்னி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அன்னிலேர்ந்து பத்திரிகையில எந்தப் படத்தைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்கன்னு பார்த்துத்தான் எடுக்கறேன், ராட். எனக்கும் அதெல்லாம் சகிக்கலைதான். ஆனா நல்ல படம்னா அவருக்கு ஒரு வார்த்தையில முடிஞ்சுடுது. மோசமான படம்னாதான் அஞ்சு மணி வரைக்கும் பேசறார்."