லாயத்தின் தலைவன்

மேஜர் இழுத்தது. அவன் வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

மேஜர் என்பது நாய். எஸ்.பி. ஐயா வீட்டில் அதுவும் அவனுக்கு மேலதிகாரிதான்.

பள்ளி ஆண்டு விழா. பந்தலின் கடைசி மூங்கிலை ஒட்டி நின்றான். மேடையில் சிறப்பு விருந்தினர், எஸ்.பி. ஐயா, மைக்கைப் பிடித்திருந்தார். முன்வரிசையில் மகிழ்மதி, அவன் மகள். அவள் இன்னும் அவனைப் பார்க்கவில்லை.

பார்க்காமலே இருந்தால் தேவலை.

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வா என்று ஒரு வாரமாய் அரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போலீஸ் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம். ஒருத்தியும் நம்பவில்லையாம். எப்படி நம்புவார்கள்? காகிதத்தில் அவனுக்கு ஸ்டேஷன் வேலை. நிஜத்தில் ஐயா வீட்டு வேலை, மீன் வாங்குவது வரை. காக்கி கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

காலையில் ஐயா வீட்டு அம்மாவிடம் அரை நாள் லீவு கேட்டான். எந்த ஸ்கூல் என்றார். சொன்னான். அட, ஐயாவே அங்கேதானே போகிறார், நீயும் வண்டியில் ஏறிக்கொள், மேஜரையும் கூட்டிப் போ, நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும், அது தனியாக இருக்காது என்றார்.

காக்கி போட்டுக்கொள்ளட்டுமா என்றான்.

காக்கியில் நாயைப் பிடித்தால் எவனாவது போட்டோ எடுத்துப் போடுவான், கலர் சட்டையிலேயே போ என்றார். விவரமான அம்மா.

மேடையில் ஐயா கான்ஸ்டபிள் என்ற சொல்லைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். லத்தீனில் அதற்கு லாயத்தின் தலைவன் என்று பொருளாம். ரோமப் பேரரசனின் குதிரைகள் அவன் பொறுப்பு. பிறகு பிரான்சில் மன்னனின் படைக்கே அவன்தான் தளபதி. ஆகவே பிள்ளைகளே, கான்ஸ்டபிள்தானே என்று யாரும் இளப்பமாக நினைக்கக் கூடாது.

தளபதி எப்போது கடைநிலைக்கு வந்தான், எப்போது மீன் வாங்கப் போனான் என்பதை ஐயா சொல்லவில்லை. படித்த மனுஷர். அதுவும் தெரிந்துதான் இருக்கும்.

அவன் ஓடி, கயிறு ஏறி, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. திரும்ப லாயத்திலேயே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். குதிரைக்குப் பதில் நாய்.

போலீஸ் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் எழுந்திருங்கள் என்றார் ஐயா.

மகிழ்மதி மட்டும் எழுந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அது யார் பிள்ளை என்று ஐயாவுக்குத் தெரியாது. அவனுக்குப் பிள்ளை இருக்கிறதா என்றே கேட்டதில்லை.

அப்பா என்ன ரேங்க் என்றார். கான்ஸ்டபிள் என்றாள் கணீரென்று. ஐயாவுக்குப் பரம சந்தோஷம். அப்பா வந்திருக்கிறாரா, எங்கே, எல்லோருக்கும் காட்டு என்றார்.

பந்தலே திரும்பியது. அவளும் திரும்பினாள். வாசல் பக்கம் காக்கியைத் தேடினாள். பிறகு கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தாள். வாரைப் பார்த்தாள். மேஜரைப் பார்த்தாள்.

அவன் வாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நாயை எங்கே கொண்டுபோவது?

அவள் மெல்ல மேடைப் பக்கம் திரும்பினாள்.

"வரல சார். டூட்டியில இருக்காரு."

ஐயாதான் முதலில் கை தட்டினார். பிறகு பந்தல் முழுக்கத் தட்டியது. சத்தத்தில் மிரண்டு மேஜர் வாசல் பக்கம் இழுத்தது.

அவன் அதன் பின்னாலேயே போனான்.