இடிக்கு ஒரு இரும்பு

"சாப்பிட்டியா கண்ணு? மாத்திரை போட்டியா? இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்க. நான் இருக்கேன் இல்ல?"

தறிக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஜெகநாதனின் குரல் குழைந்து வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி வரலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடைக்கோழியிடம்தான் இத்தனை கொஞ்சல்! கோழியைக் குழம்பில் பார்த்தால் போதும் என்றிருந்த மனுஷன், கறுப்பி அடைக்கு உட்கார்ந்ததிலிருந்து ஆளே மாறிப்போனான். கூடையில் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, முட்டை வைத்தது அவன். வேளா வேளைக்கு இரை வைப்பதும் அவன்தான்.

ஈரக் கையோடு போய் எட்டிப் பார்த்தாள். முதுகைக் காட்டிக் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"கோழிக்கு எதுக்கு பாவா மாத்திரை?"

திடுக்கிட்டுக் கூடைக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

"ஆங்... ஊரெல்லாம் வெள்ளைக் கழிச்சல் வந்துகினு கீது இல்ல, அதுக்குத்தான். நீ கிட்ட வராத. உன்னக் கண்டாலே கொத்துது. எழுந்துகிச்சுன்னா முட்டை ஆறிப்பூடும்."

கொத்துவது உண்மைதான். அவள் மணிக்கட்டில் காயம் இன்னும் ஆறவில்லை. துவைக்கிற கல்லுக்குத் திரும்பினாள்.

கல்யாணமான புதிதில் அவளிடமும் இப்படிக் குழைந்தவன்தான். இப்போது சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளை இல்லாத வீட்டில் பேச என்ன இருக்கிறது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். போயும் போயும் ஒரு கோழி மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை. குஞ்சு பொரித்து வாசலெல்லாம் ஓடினால், அந்தப் பாசத்தில் கொஞ்சம் தன் பக்கமும் திரும்பாதா?

மதியம் அவன் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மலைக்கோயிலுக்குப் பின்னாலிருந்து மேகம் திரண்டு வந்து, இடி ஒன்று கொட்டகையையே உலுக்கியது. வரலட்சுமிக்குச் சட்டென்று முட்டைகளின் ஞாபகம் வந்தது. அடைக் கூடையில் இரும்பு போட்டானோ இல்லையோ? இரும்பு இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை அத்தனையும் கூமுட்டையாகிவிடும் என்பது அவள் பிறந்த வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! பாவம், என்னமாய்ப் பார்த்துக்கொண்டான்.

தறி மேல் கிடந்த பழைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். கறுப்பி சிலிர்த்துக்கொண்டு கொத்தியது. கொத்தினால் கொத்தட்டும் என்று அதன் வயிற்றுக்கு அடியில் கையை விட்டாள்.

முட்டைகளுக்குக் கீழே, மணலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய சின்ன பட்டன் போன்.

அவன் போன் அவன் சட்டைப் பையில் அல்லவா போயிருக்கிறது?

யோசிப்பதற்குள் அது கையிலேயே அதிர்ந்தது. பையைப் பிரித்து, பச்சை பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள்.

ஹலோ என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சு வாங்கினாள்.

"பாவா, பிரசவ வலி எடுத்துகிச்சு... சீக்கிரம் வா!"