வாயடைக்கும் பலகை

ஜீப்பின் டீசல் என்ஜினுக்குக் காற்றூதும் டர்போவில் ஆயில் கசிகிறது, இந்தச் சேற்றுப் பந்தயத்துக்கு வண்டியை எடுக்க வேண்டாம் என்று மெக்கானிக் சென்னியப்பன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அவனைவிடப் பத்து வயது இளைய முதலாளி நவநீதன், கூட்டத்துக்கு முன்னால் வைத்தே, "ஓட்டப்போறது நானாடா, நீயாடா? வாய மூடிட்டு ஓரமா நில்லுடா" என்றான்.

முதல் சுற்றிலேயே வண்டி சேற்றில் புதைந்தது. கிளட்ச் கருகியது. என்ஜின் கசிந்த ஆயிலையே டீசலாய்க் குடித்து வெறி பிடித்து அலறியது. நவநீதன் சாவியைப் பிடுங்கியும் நிற்கவில்லை. கதவும் திறக்கவில்லை.

என்ஜின் காற்றிழுக்கும் குழாயின் வாயை அடைத்தால்தான் அது நிற்கும். அதற்கென்றே அறுத்து வைத்திருந்த பலகையோடு சென்னியப்பன் முழங்கால் சேற்றில் இறங்கிப்போய், குழாய்க்குப் பக்கத்தில் நின்றான்.

கண்ணாடிக்குப் பின்னால் நவநீதன் என்னவோ கத்தினான். என்ஜினின் அலறலில் ஒன்றும் காதில் விழவில்லை. சென்னியப்பன் அவன் உதட்டையே பார்த்தான். "வைடா" என்கிறானா, "வைங்கண்ணா" என்கிறானா?

எதற்கும் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.