ஏழாம் நம்பர் ரூம் சாமி

கருப்பசாமிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தான் அழகுமலை. பீடத்துக்குக் கவிழ்த்துப் போட்ட பால்பவுடர் டின், சுருட்டுக்குப் பதில் ஒரு சிகரெட். தோஹா லேபர் கேம்ப்பில் சாமிக்கு அதற்குமேல் யார் என்ன செய்துவிட முடியும்?

"எந்திரிண்ணே, டூட்டி வண்டி வந்துரும்" என்றான் ரூம்காரன் சோலைமுத்து.

"வண்டி போனா போகட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியாம எந்திரிக்க மாட்டேன்."

முதல் தந்தி வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. மஞ்சள்காமாலை முற்றி அவன் மனைவி வடிவு சிவகங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நேற்று இரண்டாவது தந்தி. 'வடிவு கவலைக்கிடம். உடனே வா.'

போகலாம் என்றால் பாஸ்போர்ட், கேம்ப் மேனேஜர் பழனிச்சாமியின் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அவனும் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான், பேச்சுக்கு.

"காண்ட்ராக்ட் முடிய ஏழு மாசம் கெடக்கு. லீவு மாஃபி, கெடையாது. பொண்டாட்டிக்கு சீரியஸ்னு சொல்லாதவன் இந்தக் கேம்ப்ல எவன்டா இருக்கான்?" காலில் விழுந்தவனைத் தாண்டிப் போனான், படுபாவி.

இனி செத்தாலும் அவன் காலில் விழுவதில்லை, விழுந்தால் சாமி காலில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான் அழகுமலை.

சிலை சாலிமு செதுக்கியது. டான்சானியாக்காரர். ஊரில் மரத்திலும் கல்லிலும் சிலை செய்து கண்காட்சி வைத்த மனுஷன். இங்கே வந்து பட்டறையில் பளிங்குக்கல் அறுத்துக்கொண்டிருந்தார். நீளமான பெயரெல்லாம் அவர் வாயில் நுழையாது. அழகுமலை அவருக்கு 'மலை', சோலைமுத்து 'முத்து'.

போன மாதம் வேறு சைட்டுக்கு மாற்றியபோது சிலையை இவர்கள் ரூமில் விட்டுவிட்டுப் போனார். முழ உயரக் கருங்காலி. உருட்டிய விழி, முகத்தில் பாதிக்கு மீசை, ஓங்கிய கை.

"இது யாரு பாய்?" என்று கேட்டதற்கு, "சாமி" என்று சிரித்துவிட்டு லாரியில் ஏறிவிட்டார்.

அப்புறம் என்ன, ரூமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊரில் வாசலைக் காத்த கருப்பன் கடல் தாண்டி வந்து நிற்கிறான் என்றால் சும்மாவா? எண்ணெய் பூசி, விபூதி குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"கருப்பா, அந்தப் பழனிச்சாமி கையக் கால முடக்கிப் போடு. இல்ல, அவன் மனசையாவது மாத்து. எம்புள்ளைக்கு ஆத்தா வேணும்யா. கிடா வெட்டுறேன்." அழகுமலைக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நெற்றியைத் தரையில் மோதினான்.

கதவு திறந்தது. தோளில் பையோடு சாலிமு நின்றார். சைட் வேலை முடிந்து, சிலையை எடுத்துப்போக வந்திருந்தார். எண்ணெயும் குங்குமமும் வழிந்த சிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மலை, என்ன பண்றே?" அவருடைய இந்தி எப்போதுமே அரைகுறைதான்.

"உங்க சாமியத்தான் கும்புடுறேன் பாய். ஒம்போது நாளா கால்ல விழுந்து கெடக்கேன். எரக்கமே வரல அவருக்கு."

சாலிமு அவனைத் தூக்கி உட்காரவைத்தார். நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கையால் துடைத்துவிட்டார். பிறகு சிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனுக்கு எப்படி வரும் மலை? நம்ம ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் பூட்டி வெச்சிருக்கானே, இது அந்தச் சாமி."