ஏனோக் வீட்டு டிரம்பெட்

"கேட்டீங்களா? எதிர் லைன் வீட்டு ஏனோக் நாலாயிரம் ரூபாய்க்கு டிரம்பெட் வாங்கிக்கீறாராம். பொண்டாட்டிக்கு ஒரு நல்ல புடவை இல்ல!"

சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று போய்விட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்த எரிக், மனைவி பாக்கியவதியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவன் காசு, அவன் ஊதறான். உனக்கு இன்னா?"

"தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஊதறாரு. அவருக்கு நெஞ்சுல தூசியாம், சுரங்கத்துல எறங்க முடியாதாம்! உங்களை மாதிரி நெசமா நோவு இருந்தா தரைக்கு மேல வேலை குடுக்கலாம். அந்த ஆளுக்கு எதுக்கு?"

"வாயை மூடு பாக்கியம்."

மூடிக்கொண்டாள். மறுநாள் ஆண்டர்சன்பேட்டை தபால் பெட்டியில், மைன்ஸ் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் விழுந்தது.

பத்தாம் நாள் எரிக் கையில் சுரங்க ஹெல்மெட்டோடு வந்தான்.

"ஆபீசுல ஏனோக்கைக் கூப்பிட்டு ஊதச் சொன்னாங்க. ஒரு சத்தம் வரல. இருமி இருமி ரத்தமா துப்பினான். கடைசியில உண்மையைச் சொல்லிட்டான்."

"இன்னா உண்மை?"

"டிரம்பெட் என்னுது. நீ திட்டுவியேன்னு அவன் வீட்ல வச்சு, பாட்டுப் பயிற்சின்னு சொல்லிட்டுப் போய் மூச்சு வாங்கி வாங்கி ஊதினேன். ஊதற நெஞ்சுக்கு இன்னா கேடுன்னு, திங்கக்கிழமையிலேர்ந்து என்னை மறுபடியும் சுரங்கத்துல எறக்கறாங்க. அந்தத் தூசியில ஒரு வருஷம்கூட தாங்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்தப் பாவிங்க அப்படி எழுதினது?" என்றாள் பாக்கியவதி.

"லெட்டரைக் காட்டினாங்க," என்றான் எரிக். "பேரு போடல. எழுத்து மட்டும் முத்து முத்தா இருந்திச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதுவியே, அதே மாதிரி."