முத்துப்பேட்டை பர்மா

பாஸ்போர்ட் இல்லாமல் முத்துப்பேட்டையிலிருந்து பர்மாவுக்கு நடந்தே போய், மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிய ஒரே மனிதன் நான்தான். தொண்ணூற்றைந்தில் போர்ப்படம் எடுக்க வந்தவர்கள், எங்கள் அலையாத்திக் காடு அசல் பர்மா மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ரிட்டயரான என்னையும் ஜப்பான் சிப்பாய் ஆக்கினார்கள். துப்பாக்கியோடு ஓடினேன். சேறு முடிந்து மலைப்பாதை வந்தது. இரண்டு புலிகளை அதட்டி விரட்டினேன். அங்கே சட்டைக் காலரில் குடையை மாட்டியிருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர், "பெரியவரே, மேட்டூரத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி ஹபீபுன்னிசா முகம் சுளித்தாள். "வேற எந்த ஊருக்கு வேணாலும் போயிட்டு வாங்க. பர்மா பேரை எடுக்காதீங்க. என்னைப் பெத்த அத்தா அங்க போயித்தான் சண்டையோட தொலைஞ்சு போனாங்க."

நம்ப வைக்காமல் விடுவேனா? படம் வந்ததும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். திரையில் நான் ஓடினேன். எனக்குப் பின்னால் குடைக்காரர் நின்றார்.

"பர்மா சண்டையில நம்மூரு பாய் குடையோட நிக்கிறாருடா" என்று எவனோ கத்த, தியேட்டரே சிரித்தது.

ஹபீபு சிரிக்கவில்லை. "எங்க அத்தா அப்படித்தாங்க குடையை மாட்டிக்கிட்டு கப்பலேறுனாங்க" என்றாள். "நீங்க போனது பர்மாதான்."